விதி எண் 87 முதல் 90 வரை

ஜூன் 14

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

'நீங்கள் என்னைப் பார்த்ததில்லை' என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். ஆனால் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தேர்வுக்குப் படிக்கும் அலுவலக நடைமுறை விதிகள் புத்தகத்தின் முதல் இருநூறு பக்கங்களை உங்களுக்காக வாசித்துப் பதிவு செய்தவள் நான்தான். எங்கள் பள்ளி நூலகத்துக்குப் பின்னால் ஒரு சாமான் அறை இருக்கிறது. சுவரெல்லாம் பழைய போர்வை தொங்கவிட்டு, அதை ஒலிப்பதிவு அறையாக்கியிருக்கிறார் எங்கள் நூலக மிஸ். பார்வை இல்லாதவர்கள் கேட்கும் புத்தகங்களை நாங்கள் அங்கே உட்கார்ந்து வாசிக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை உங்கள் கடிதத்தை மிஸ் எல்லோர் முன்னிலையிலும் படித்தார். "இரண்டாம் பகுதியை வாசிக்கும் பெண்ணின் குரல் தெளிவாக இருக்கிறது. வேகமும் சரி. இப்படியே தொடரட்டும்." மூன்றே வாக்கியம். எனக்கு மனப்பாடம். முதல் பகுதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாம் பகுதியை வாசிப்பவள் என் வகுப்புதான். கணீரென்ற குரல் என்பதால் அவளை வெண்கலம் என்று கூப்பிடுவார்கள். என்னைக் கூப்பிடுவது அடிக்குறிப்பு என்று. காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கலாம். நான் ஒவ்வொரு அத்தியாயத்தையும் மூன்று முறை படித்துவிட்டுத்தான் பதிவுக்கு உட்காருவேன். அவள் புத்தகத்தைத் திறப்பாள், வாசிப்பாள், மூடிவிட்டுப் பந்து விளையாடப் போய்விடுவாள்.

நான் கோபத்தில் எழுதவில்லை. தெரிந்துகொள்ள மட்டுமே கேட்கிறேன். என் இருநூறு பக்கங்களில் என்ன குறை?

பணிவுடன்,
முதல் இருநூறு பக்கம்


ஜூன் 22

முதல் இருநூறு பக்கத்துக்கு,

எனக்கு வயது முப்பத்தொன்று. 'அம்மா' வேண்டாம், 'அக்கா' போதும்.

எனக்கு வரும் கடிதங்களை எங்கள் அலுவலக டைப்பிஸ்ட் அண்ணா வாசித்துக் காட்டுவார். எதை வாசித்தாலும் இரங்கல் செய்தி மாதிரியே இருக்கும். உன் கடிதத்துக்கு அது கொஞ்சம் பொருத்தமாகவும் இருந்தது. பதிலை நானே தட்டச்சு செய்கிறேன். பிழை இருந்தால் நீ கண்டுபிடிப்பாய் என்று தெரியும்.

கேட்டதால் சொல்கிறேன். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் 'இசைவு' என்ற சொல் வந்ததும் நிறுத்தி, "இந்தச் சொல்லுக்கு அகராதியில் வேறு பொருளும் இருக்கிறது" என்றாய். அது புத்தகத்தில் இருப்பது என்று நினைத்து இரண்டு நாள் நெட்டுருப் போட்டேன். அடிக்குறிப்புகளை வாக்கியத்தின் நடுவிலேயே வாசிக்கிறாய். அது முடிந்து நீ திரும்பி வரும்போது, வாக்கியம் எங்கே தொடங்கியது என்று எனக்கு மறந்துபோகிறது. நீ எனக்குப் பாடம் நடத்துகிறாய். அவள் வாசிக்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகஸ்ட் 17 தேர்வு. மேற்பார்வையாளர் இடம் ஒன்றுதான் இருக்கிறது. ஒன்பது வருடமாகத் தொலைபேசி போர்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு யார் குரல் என்பது முக்கியமில்லை, புத்தகம் முழுசாக வர வேண்டும்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் மட்டும் சாப்பிடவில்லை.

மீதிப் பக்கங்கள் எல்லாமே வெண்கலத்துக்கு என்று மிஸ் சொல்லிவிட்டார். எனக்குச் சரிபார்ப்பு வேலை. அவள் வாசித்ததைப் புத்தகத்தோடு வைத்துக் கேட்டு, தப்பு இருந்தால் தாளில் குறிக்க வேண்டும். தாளைப் பார்த்து அவள் மறுபடி வாசிப்பாள். எல்லாம் சரியானதும் அத்தியாயத்தின் முடிவில் நான் என் குரலில், "சரிபார்க்கப்பட்டது. பிழை இல்லை" என்று பதிவு செய்ய வேண்டும். அளந்து பார்த்தேன். நான்கு நொடி. அவளுக்கு இருநூற்றுப் பதினான்கு பக்கம், எனக்கு நான்கு நொடி.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தை மறுபடி கேட்க வேண்டும் என்று மிஸ்ஸிடம் கேட்டபோது வெண்கலமும் அங்கே நின்றிருந்தாள். அது என் முட்டாள்தனம். மறுநாள் வகுப்பில் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் குரலிலேயே தொடங்கிவிட்டாள். "இந்தப் பென்சிலுக்கு அகராதியில் வேறு பொருளும் இருக்கிறது. இந்த டஸ்டருக்கு அகராதியில் வேறு பொருளும் இருக்கிறது." கரும்பலகை வரை போனாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் தினமும் கணக்கு காட்டுகிற பக்கத்து பெஞ்சுக்காரியும் சிரித்தாள்.

கொடுமை என்னவென்றால், அவள் என்னைக் கேலி செய்யும்போதுகூட அவள் குரல் நன்றாக இருக்கிறது.

அக்கா, உங்கள் வேலையில் நாள் முழுக்க யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள் என்று மிஸ் சொன்னார். நீங்கள் எப்படி அமைதியாக இருக்கிறீர்கள்? எனக்கும் கற்றுக்கொடுப்பீர்களா? நூலகத்தில் தேடினேன். மனதை அடக்குவது பற்றிய புத்தகங்களில் எல்லாம் மலைக்குப் போகச் சொல்கிறார்கள்.

அடிக்குறிப்பு


ஜூலை 6

அடிக்குறிப்புக்கு,

எங்களுடையது குடிநீர் அலுவலகம். தண்ணீர் வந்தால் யாரும் போன் செய்து நன்றி சொல்வதில்லை. வராதபோது நான்தான் குடித்துத் தீர்த்துவிட்ட மாதிரி பேசுவார்கள். போன வாரம் ஒருவர், "என்னம்மா, கண்ணை மூடிட்டு வேலை பாக்கறியா?" என்றார். "ஆமாங்க, அப்படித்தான் பாக்கறேன். உங்க தெரு எது சொல்லுங்க" என்றேன். டைப்பிஸ்ட் அண்ணாவுக்குச் சிரிப்பு அடங்க அரை மணி நேரம் ஆயிற்று.

என்னிடம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எவ்வளவு கத்தினாலும் அந்தக் கத்தலுக்குள் எங்காவது ஒரு தெருப் பெயர் இருக்கும். எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்ற கணக்கு இருக்கும். நான் அதை மட்டும் தேடுவேன். கிடைத்ததும் திருப்பிச் சொல்வேன். "மூணாவது குறுக்குத் தெரு, நாலு நாளா வரல, சரிதானே?" அதோடு பாதிக் கத்தல் நின்றுவிடும். மீதி என்னைத் திட்டுவது இல்லை. என் காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் என்னை முனிவர் ஆக்கிவிடாதே. என் பக்கத்து இருக்கைக்காரியும் இதே தேர்வை எழுதுகிறாள். அவள் புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள். பேருந்தில் நின்றுகொண்டே புரட்டுகிறாளாம், சாப்பிடும்போதும் புரட்டுகிறாள். அந்தத் தாள் சரசரப்பைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. நான் ஒரு பக்கம் படிக்க ஒரு பள்ளிக்கூடம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அவளுக்கு ஒரு கை போதும். "உனக்கென்ன, காதுல போட்டுட்டு ஜாலியா கேக்கற" என்கிறாள். அவளிடம் தெருப் பெயர் எதுவும் கிடைப்பதில்லை.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முறை பலிக்கிறது. ஒரு வாரமாக நான் மிகவும் அமைதியாக இருக்கிறேன். வெண்கலம் என்ன சொன்னாலும் நான் பதில் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை, "என்ன அடிக்குறிப்பு, வாய்க்குப் பூட்டா?" என்றாள். நான் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன். திங்கட்கிழமை அவளே வந்து, "பென்சில் இருந்தா குடேன்" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அப்போதும் பேசவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உள்ளே ஒரு சலனமும் இல்லை, பளிங்கு மாதிரி இருந்தேன்.

நேற்று மிஸ் அவளை மாவட்ட அளவிலான வாசிப்புப் போட்டிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தட்டினேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தைச் சரிபார்த்து அனுப்பியாயிற்று. விடுப்பு விதிகள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒன்று கேட்கலாமா? குரல் மிகவும் நன்றாக இருப்பவர் ஒருவர் கவனக்குறைவாக இருந்தால், அப்போதும் அந்தக் குரல் உங்களுக்குப் பிடிக்குமா? பொதுவாகத்தான் கேட்கிறேன்.

அடிக்குறிப்பு


ஜூலை 23

அடிக்குறிப்புக்கு,

நீ சொல்வதற்குப் பெயர் அமைதி இல்லை. எங்கள் அம்மா அப்பாவோடு பேசாமல் இருக்கும் நாட்களில் சமையலறையில் ஒவ்வொரு பாத்திரமும் பேசும். உன் பளிங்கும் அந்த வகைதான். அவள் பென்சில் கேட்டால் கொடு. கொடுக்கும்போது கை நடுங்காமல் இருந்தால், அப்புறம் உன்னைப் பாராட்டுகிறேன்.

உன் பொதுவான கேள்விக்குப் பதில்: எனக்கு ஒரு குரலும் 'பிடிக்காது'. நான் நம்புகிறேன், அல்லது நம்பவில்லை.

ஒன்பதாம் அத்தியாயத்தை நான்கு முறை கேட்டுவிட்டேன். விடுப்பு விதிகளில் இருபது மதிப்பெண்ணாவது வரும் என்கிறார்கள். அதற்காக மட்டும் இரண்டு நாள் விடுப்பு போட்டேன், பொருத்தம்தான். ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் உன் குரல் வருகிறதே, 'பிழை இல்லை' என்று, அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அடுத்ததைத் தொடங்க மனம் வருகிறது. நான்கு நொடி என்று குறைப்பட்டுக்கொண்டாய். எனக்கு அந்த நான்கு நொடி வேண்டும்.

அக்கா


ஜூலை 28

அக்கா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் இரண்டு பக்கங்கள் இல்லை. பக்கம் 212, 213. விதி எண் 87 முதல் 90 வரை. வெண்கலம் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். 86 முடிந்து நேராக 91-க்குப் போய்விட்டாள். அவளுக்கே தெரியாது.

எனக்குத் தெரியும். ஜூலை 12 அன்று நான் புத்தகத்தில் 212-ஆம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவோடு, காத்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் அதைத் தாண்டிப் போனது. உங்கள் கடிதத்தின் அந்த மூன்று வாக்கியங்கள் நினைவுக்கு வந்தன. நல்ல குரலின் லட்சணத்தை அக்கா ஒருநாள் தானே தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. பேனாவை மூடினேன். பிறகு, "சரிபார்க்கப்பட்டது. பிழை இல்லை" என்றேன். என் குரல் அவ்வளவு நன்றாக அதற்கு முன் வந்ததே இல்லை.

அவள் மேல் எனக்குப் பொறாமை. அதை 'கவனக்குறைவு' என்று எழுதித் தப்பிக்கப் பார்த்தேன். அதுதான் இந்தக் கடிதத்தின் முதல் பிரதி. அதைத்தான் முதலில் கிழித்தேன்.

தேர்வுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது.

(பெயர் எழுத மனம் வரவில்லை)


ஆகஸ்ட் 1

டைப்பிஸ்ட் அண்ணா உன் கடிதத்தின் இரண்டாவது பத்தியில் நின்றுவிட்டார். "இதுக்கு அப்புறம் கையெழுத்து கிறுக்கலா இருக்கும்மா, புரியல" என்றார். "உங்களுக்குப் பொய் சொல்ல வரல. படிங்க அண்ணா" என்றேன். படித்தார். இந்த முறை அந்த இரங்கல் குரல் சரியாகவே பொருந்தியது.

86-க்குப் பிறகு 91 வந்ததை நான் முதல் நாளே கவனித்தேன். நடுவில் உள்ளவை நீக்கப்பட்ட விதிகளாக இருக்கும் என்று நினைத்தேன். ஏன் தெரியுமா? முடிவில் உன் குரல் வந்தது. பக்கத்து இருக்கைக்காரியிடம், "87 முதல் 90 வரை எடுத்துட்டாங்க, படிக்காத" என்று நான் போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள். தெரிந்தும் திருத்தவில்லை. இப்போதுதான் புரிகிறது அந்தச் சிரிப்பு.

ஒரு நாளைக்கு இருநூறு பேர் என்னைத் திட்டுகிறார்கள். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. நேற்று உன் கடிதத்துக்குப் பிறகு போன் செய்த ஒரு வயதானவரிடம், "தண்ணி வரலன்னா நான் என்ன பண்ண?" என்று கத்தினேன். ஒன்பது வருடத்தில் முதல் முறை. அவர் பாவம், தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டாராம்.

அந்நியர்களிடம் அமைதியாக இருப்பது சுலபம் என்று இப்போது தெரிகிறது. நீ எனக்கு அந்நியம் இல்லை என்று நான் எப்போது முடிவு செய்தேன் என்பதுதான் தெரியவில்லை.

உன் மிஸ்ஸிடமும் அந்தப் பெண்ணிடமும் நீயே சொல். புதிதாகப் பதிவு செய்து தபாலில் அனுப்பினால் எனக்கு எப்போது வந்து சேருமோ. என் மதிய இடைவேளை ஒன்றரை மணிக்கு. அலுவலக எண் கீழே இருக்கிறது. 6-ஆம் தேதி போனில் அந்த இரண்டு பக்கங்களையும் வாசிக்க வேண்டும். நான் பிரெய்லில் குறித்துக்கொள்வேன். யார் வாசிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை.


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

6-ஆம் தேதி போனில் உங்களுக்குக் கேட்டது விதி எண் 87 முதல் 90 வரை. கேட்காததை எழுதுகிறேன்.

முதலில் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். விளையாட்டு மைதானத்துக்குப் போய்ச் சொன்னேன். வெண்கலம் பந்தைக் கீழே போட்டாள். அவளுடைய அந்தக் குரல், அக்கா. மாடி வகுப்பு வரை கேட்டிருக்கும்.

"பொறாமை பிடிச்சவ. உனக்கு அறிவு இருக்கா? எத்தன புக்கு படிச்சு என்ன? அந்த அக்கா ஃபெயிலானா என் பேருதானே கெடும்? திருட்டு முழி, அப்பவே நினைச்சேன். என்கிட்ட நேரா வந்து, 'ரெண்டு பக்கம் விட்டுட்ட லூசு'ன்னு சொல்லியிருந்தா படிச்சுக் குடுத்திருப்பேன்ல?"

எல்லோரும் சுற்றி நின்றார்கள். எனக்குப் பதில் சொல்ல நிறைய இருந்தது. பென்சில், டஸ்டர், கரும்பலகை எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. நான் தெருப் பெயரைத் தேடினேன். கிடைத்தது. கடைசி வாக்கியத்தில் இருந்தது. "நேரா வந்து சொல்லியிருக்கணும். சொல்லல" என்றேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் கத்தினாள். ஆனால் அது என் காதில் விழுந்தது மட்டும்தான் என்று சொன்னால் பொய். எல்லாம் என்னைத்தான் சொன்னாள், எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். அழவில்லை. அதைத் தவிர வேறு சாமர்த்தியம் எதுவும் செய்யவில்லை.

போனில் நானே வாசிக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை தெரியுமா? அந்த இரண்டு பக்கங்களையும் பத்து முறை வாசித்துப் பழகியிருந்தேன், அகராதிப் பொருள் எதுவும் இல்லாமல், அடிக்குறிப்பைக் கடைசிக்குத் தள்ளி. ஒரே ஒரு முறை உங்களுக்கு மட்டும் கேட்கும்படி நான் வாசித்திருக்கலாம். ஆனால் அது அவளுடைய பக்கம். மிஸ் அறையில் எண்ணைச் சுழற்றியது நான். புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்ததும் நான். அவள் வாசித்தாள். 89-ஆம் விதியில் நீங்கள், "இன்னொரு முறை" என்றீர்கள். அவள் மறுபடி வாசித்தாள். அவ்வளவு அழகாக வாசித்தாள். எனக்குக் கை வலித்தது.

போனை வைத்ததும் என்னைப் பார்க்காமல், "தாளு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றாள். "ஆமா, கோந்து" என்றேன். அன்று பேசியது அவ்வளவுதான்.

தேர்வு நன்றாக எழுதுங்கள்.

அடிக்குறிப்பு


அக்டோபர் 9

அடிக்குறிப்புக்கு,

முடிவு வந்துவிட்டது. இடம் பக்கத்து இருக்கைக்காரிக்கு. எனக்கு நான்கு மதிப்பெண் குறைவு.

87 முதல் 90 வரை ஒரு கேள்விகூட வரவில்லை. என்னைக் கவிழ்த்தது கோப்புப் பராமரிப்பு. எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்து ஒரே ஒரு முறை கேட்ட அத்தியாயம். ஆகவே என்னைத் தோற்கடித்தவள் என்ற பெருமை உனக்கு இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு திரியாதே.

அவள் மேற்பார்வையாளராக வந்த முதல் நாளே, "டீ குடிக்கப் போனா பத்து நிமிஷத்துல வந்துடணும்" என்றாள். முந்தின நாள்வரை என்னோடு உட்கார்ந்து அரை மணி நேரம் டீ குடித்தவள். "சரிங்க மேடம்" என்றேன். நல்ல குரலில்தான் சொன்னேன், டைப்பிஸ்ட் அண்ணா சாட்சி. பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு நின்றேன். அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழுதேன். குடிநீர் அலுவலகத்தில் இருந்துகொண்டு தண்ணீரை வீணாக்கியது அன்று மட்டும்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு பத்தாவது நிமிடம் போர்டில் இருந்தேன்.

அடுத்த வருடம் மறுபடி எழுதுகிறேன். புதிய பதிப்பு, அறுநூறு பக்கமாம். யார் வாசிக்க வேண்டும் என்று உன் மிஸ் கேட்டு எழுதியிருந்தார். வெண்கலம் வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உனக்கு வலிக்கும். தெரிந்தேதான் சொன்னேன்.

சரிபார்க்க நீ இரு. வேறு யாரையாவது போடலாம் என்றார் மிஸ். வேண்டாம் என்றேன். மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. பாதி.

அக்கா


அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

'வெண்கலம் வாசிக்கட்டும்' என்ற வரியைப் படித்ததும் பழையபடி உள்ளே எரிந்தது. இரண்டு மாதத்தில் நான் திருந்தியிருப்பேன் என்று நினைத்திருந்தேன். இல்லை. அடுத்த வரியைப் படிக்க மறுநாள் வரை ஆயிற்று.

முதல் அத்தியாயம் நாற்பது பக்கம். நேற்று சரிபார்த்தேன். பதினேழு இடத்தில் குறியிட்டேன். பதினேழு என்று எண்ணியபோது ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேல் சந்தேகம் வந்தது. இன்று காலை முதலிலிருந்து மறுபடி கேட்டேன். மூன்று இடங்களில் அவள் சரியாகவே வாசித்திருந்தாள். தப்பாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ரப்பரை எடுத்து அழித்தேன். ஒன்றை அழிக்க மட்டும் கொஞ்சம் நேரம் ஆனது.

மதியம் தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் நேராகப் போனேன்.

"எத்தன?" என்றாள்.

"பதினாலு."

"பொறாமைல கூட்டிப் போட்டியா?"

"போட்டேன். பதினேழு இருந்துச்சு. மூணை அழிச்சுட்டேன்."

அவள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அழித்த இடங்களைத் தேடிப் பார்த்தாள். பிறகு சாமான் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, எந்தப் பக்கம்?" என்றாள்.

மூன்றாம் பக்கத்தில் தொடங்கினோம். அவள் வாசித்தாள். நான் விரலை வரியின் மேல் வைத்துக்கொண்டு கூடவே போனேன்.

அடிக்குறிப்பு